இருபத்தேழாவது கட்டில்

எங்கள் விடுதியில் ஆளுக்கு ஓர் எண் உண்டு. துண்டு, சட்டை, காலுறை, தலையணை உறை எதுவானாலும் அதன் ஓரத்தில் சிவப்பு நூலால் அந்த எண்ணைத் தைத்திருப்பார்கள். என்னுடையது இருபத்தாறு. பக்கத்துக் கட்டில் இருபத்தேழு. அதில் படுத்தவள் விடுதி ஆன்ட்டியின் சொந்த மகள். பெற்ற பிள்ளைக்கு முன்வரிசையில் கட்டில் போட்டால் யாராவது வாய் திறப்பார்கள் என்று அவளைக் கடைசியில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார் ஆன்ட்டி.

நான் சொல்ல வந்தது அந்த ஆன்ட்டியைப் பற்றித்தான்.

எங்கள் பெற்றோர் எல்லோரும் ஊழியக்காரர்கள். கடல் தாண்டி, மொழி தெரியாத ஒரு நாட்டுக்கு மிஷனெரிகளாக வந்தவர்கள். என் அம்மா ஒரு சின்ன மருந்தகத்தில் நர்ஸ், அப்பா அதே இடத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர். அந்த இடத்துக்கு நகரத்திலிருந்து இரண்டு நாள் பயணம். அங்கெல்லாம் எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் ஆறேழு வயதானதும் பிள்ளைகளை நகரத்து விடுதியில் விட்டுவிட்டுப் போவார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை விடுமுறை. மற்ற நாளெல்லாம் எங்களுக்கு அப்பா அம்மா என்றால் கடிதம்தான்.

ஆன்ட்டி தன் ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர். அவர் கணவர், எங்கள் அங்கிள், வேதாகமக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர். எங்கே போக ஆட்கள் பயப்படுகிறார்களோ அங்கே அனுப்புங்கள் என்று சபை நடுவில் எழுந்து நின்று கை தூக்கிய தம்பதி அவர்கள். வந்து ஒரு வருடம் அந்த நாட்டு மொழியைப் படித்தார்கள். மூட்டை கட்டி நாட்டின் உட்பகுதிக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் விடுதியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் உடம்பு முடியாமல் ஊர் திரும்பிவிட்டார். மிஷன் செயலாளர் வந்தார். "ஒரே ஒரு வருஷம் சிஸ்டர். அதுக்குள்ள வேற ஆள் பார்த்துடுறேன்" என்றார். அந்த ஒரு வருடம் பத்தொன்பது வருடம் ஓடியது.

பிரசங்கம் பண்ண வந்த அங்கிள் அந்த நாட்டு மொழியில் அதிகம் பேசிய வாக்கியம் "இன்னைக்குத் தண்ணி லாரி வருமா, வராதா?" என்பதாகத்தான் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் விசா அலுவலகம். உட்பகுதியில் இருந்த அத்தனை ஊழியக் குடும்பங்களுக்கும் விசா புதுப்பிக்க வரிசையில் நின்றவர் அவர்தான். "பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நிறுத்தி, போட்டோ ரெண்டு கொண்டுவந்தியான்னுதான் என்னைக் கேப்பாங்க" என்று சிரிப்பார். ஆன்ட்டி சிரிக்க மாட்டார். அவர் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் நிற்க மாட்டார். இருபத்தேழு போர்வை, இருபத்தேழு தட்டு, பெண்பிள்ளைகளுக்குப் பின்னல், எல்லோருக்கும் நகம், பேன், வீட்டுப்பாடம். படுக்கை நனைக்கிற பிள்ளைகளின் விரிப்பை மற்றவர்கள் எழுவதற்கு முன்பே உருவி எடுத்துப்போய் அலசிவிடுவார். யார் நனைத்தது என்பது கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. நானும் அப்படிக் காப்பாற்றப்பட்டவள்தான்.

அவரை அனுப்பிய சபையிலிருந்து எப்போதாவது கடிதம் வரும். இந்த ஆண்டு எத்தனை பேரை ஆண்டவரிடம் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டிருப்பார்கள். ஒருமுறை கையில் அந்தக் கடிதத்தோடு அவர் அங்கிளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"என்னங்க எழுதுறது? இருபத்தேழு பேருக்கும் பேன் எடுத்தாச்சுன்னு எழுதட்டுமா?"

மகள் பிறந்தது அந்த நாட்டில்தான். ஆறு வயதுவரை அவள் கீழே, அப்பா அம்மாவின் அறையில்தான் படுத்தாள். அப்புறம் நடந்ததைப் பின்னாளில் அங்கிள் எனக்குச் சொன்னார். பெரிய பையன் ஒருவன் ஆன்ட்டிக்குத் தெரியாமல் தன் வீட்டுக்கு எழுதினானாம். இங்கே ஒருத்திக்கு மட்டும் அம்மா இருக்கிறார், அவள் விழுந்தால் அவளைத் தூக்கிக்கொள்கிறார், நாங்கள் விழுந்தால் மருந்து போடுகிறார் என்று. அதைப் படித்த அவன் அம்மா, ஊழியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். செயலாளர் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஒரு பிள்ளைக்கு மட்டும் அம்மா இருக்குற இடத்துல, மத்த இருபத்தாறும் அம்மா இல்லாத பிள்ளையா ஆயிடுது சிஸ்டர். யோசிச்சுப் பாருங்க."

அங்கிள் கோபப்பட்டார். "அதுக்கு? என் பிள்ளை என்னை அப்பான்னு கூப்பிடக்கூடாதா?"

ஆன்ட்டி நிதானமாகச் சொன்னாராம்: "கூப்பிடுற பேருதானே. நமக்குள்ள என்ன மாறிடப்போகுது? விடுங்க, அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

அன்றிலிருந்து மகளுக்கும் அவர் ஆன்ட்டி. அப்பாவும் அங்கிள்தான். கட்டில் மாடிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம் மட்டும் கீழே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவள் அம்மா என்று கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு. அந்த அரை மணி நேரத்துக்குள் குறைந்தது நாலு தடவை கதவு தட்டப்படும். ஒருத்திக்கு மூக்கில் ரத்தம், ஒருத்தனுக்கு பென்சில் காணோம். ஆன்ட்டி எழுந்து எழுந்து போவார். நான் சேர்ந்தபோது எனக்கும் அவளுக்கும் எட்டு வயது. அதற்குள் அவள் அந்த அரை மணி நேரத்துக்குப் போவதையே நிறுத்தியிருந்தாள். "அவங்களுக்கு வேலை இருக்கும்" என்றாள் என்னிடம், ஏதோ அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கடிதம் எழுத வேண்டும். எழுதி, உறையில் முகவரி எழுதி, ஒட்டாமல் ஆன்ட்டியிடம் கொடுக்க வேண்டும். அவர் பென்சிலோடு உட்கார்ந்து படிப்பார். அழுகிற மாதிரி ஏதாவது இருந்தால் மெல்லக் கோடு போட்டு, மறுபடி எழுதச் சொல்லித் திருப்பித் தருவார்.

"அப்பா அம்மா எவ்வளவு தூரத்துல இருக்காங்க? தலைவலின்னு நீ எழுதுனா, கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள உனக்கு வலி போயிருக்கும். ஆனா அவங்க படிக்கிறப்போ புதுசா வலிக்கும். அவங்க வேலை கெடலாமா?"

நாங்களும் பழகிக்கொண்டோம். எல்லோர் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும். நான் நலம். நீங்கள் நலமா? ஆன்ட்டி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த ஒரு மணி நேரம் இருபத்தேழுக்கு மட்டும் வேலை இருக்காது. யாருக்கு எழுதுவாள்? படம் வரையச் சொல்லி ஆன்ட்டி ஒரு தாள் கொடுப்பார். அவள் வீடு வரைவாள். எப்போதும் எங்கள் விடுதியையே வரைவாள், தண்ணீர்த் தொட்டி உட்பட.

எங்களுக்குப் பத்து வயதாகும்போது விடுதியில் தட்டம்மை வந்தது. முதலில் வந்தது இருபத்தேழுக்குத்தான். லேசாக வந்து ஐந்தாறு நாளில் இறங்கிவிட்டது. அதற்குள் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். ஒரு கட்டத்தில் பதினோரு பேர் படுக்கையில். பள்ளியில் எங்களை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். சமையலுக்கு வருகிற பெண் தன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று நின்றுவிட்டார். ஆன்ட்டி அடுப்புக்கும் மாடிக்குமாக ஏறி இறங்கினார். ஈரத்துணி, கஞ்சி, மருந்து, வாந்தி வாளி. யாருக்கு எத்தனை மணிக்கு எந்த மருந்து என்று சுவரிலேயே எழுதி வைத்திருந்தார். முகம் வீங்கிப்போய், நின்றபடியே தூங்கினார். அங்கிள் ஐஸ் வாங்க ஊரெல்லாம் சுற்றினார். அந்தக் குழப்பத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்களை யாரும் படிக்கவில்லை. எழுத முடிந்தவர்கள் எழுதிக் கொடுத்ததை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார் ஆன்ட்டி. ஒரு வாரம், இரண்டு வாரம், அப்படியே கிடந்தது.

இருபத்தேழு எழுந்து நடமாடினாள். தட்டு கழுவினாள், சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒருநாள் காலை படுக்கை தட்டும்போது அவள் தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறையைப் பார்த்தேன். மோந்து பார்த்தால் நாற்றம்.

"என்னடி இது?"

"காதுல இருந்து வருது. வலிக்குது."

"ஆன்ட்டிகிட்ட சொல்லலையா?"

"சொல்லாத. அவங்க பாவம். நின்னுக்கிட்டே தூங்குறாங்க."

நான் சொல்லவில்லை. அவளுக்கு உதவி பண்ணுகிறேன் என்று நினைத்து உறையைக் கழற்றி உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டேன். அடுத்த நாளும் போட்டேன். அவள் நான் பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தாள். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நானும் தலையைச் சாய்த்துச் சிரித்தேன்.

மூன்றாம் வாரம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் குறையத் தொடங்கியது. ஒருநாள் காலை பதினோரு மணி வாக்கில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது ஆன்ட்டி இழுப்பறையைத் திறந்து கடிதக் கட்டை எடுத்தார். பிறகு நடந்ததை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார், அதனால் தெரியும். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாராம். ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது:

"அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். நீங்கள் நலமா? இங்கே பதினோரு பேருக்கு அம்மை. எனக்குச் சரியாகிவிட்டது. ஆன்ட்டி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நிறைய வேலை. அதனால் நான் தொந்தரவு செய்வதில்லை. வலது காது வலிக்கிறது. தண்ணீர் மாதிரி வருகிறது. நீங்கள் கவலைப்படாதீர்கள். ஜெபம் பண்ணுங்கள்."

காது வலிக்கிற வரியின் மேல் பென்சில் கோடு போட்டார் ஆன்ட்டி. பழக்கம். உறையில் திருப்பி வைக்கலாம் என்று எடுத்தபோதுதான் முகவரியைப் பார்த்தார். 'அம்மா, கீழ் அறை' என்று எழுதியிருந்தது.

நான் மாடியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். படியில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. ஆன்ட்டி ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. இருபத்தேழு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி அவளைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எங்கள் முன்னால் ஒருபோதும் சொல்லாத பெயர். அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். போர்வையின் நான்கு மூலையையும் சரிபார்த்து மடித்து வைத்துவிட்டு, யாரோ நிற்பதை உணர்ந்துதான் திரும்பினாள். காதுக்குப் பின்னால் எலும்பு மேடாக வீங்கிச் சிவந்திருந்தது. தினமும் பக்கத்துக் கட்டிலில் இருந்தும் முடி மறைத்ததால் நான்கூடப் பார்க்கவில்லை.

சீழ் எலும்புக்குப் போய்விட்டது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தள்ளிப்போட்டால் மூளைக்கு ஏறும் என்றார் நகரத்து டாக்டர். அந்த ஆஸ்பத்திரி இருந்த ஊர் பஸ்ஸில் ஆறு மணி நேரம். விடுதியில் இன்னும் ஏழு பேருக்குக் காய்ச்சல். ஆன்ட்டி செயலாளருக்கு போன் போட்டார். ரெண்டு நாளில் ஆள் அனுப்புகிறேன் என்றார் அவர்.

"நீ போ. இதுங்களை நான் பாத்துக்குறேன்" என்றார் அங்கிள்.

"உங்களுக்கு எது யாருக்குன்னு மருந்துகூடத் தெரியாது. ஏழு பிள்ளைங்க. அதுல ஒண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா அதோட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் ஆன்ட்டி. "நீங்க கூட்டிட்டுப் போங்க. ஆள் வந்த உடனே நான் வந்துடுறேன்."

மகளுக்குக் கம்பளிச் சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, கேட் வரை வந்தார். இருபத்தேழு அழவில்லை. எனக்குக் கை காட்டிவிட்டு அங்கிளோடு போனாள். ஆன்ட்டி உள்ளே வந்து நேராக மாடிக்கு ஏறி, பதினான்காம் கட்டிலுக்கு வெப்பம் பார்த்தார். தெர்மாமீட்டர் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது.

ஆள் வர ஒன்பது நாளானது. அதற்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. வலது காது போய்விட்டது. ஆன்ட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் கட்டில் மேல் உட்கார்ந்து, செவிலியர் கொடுத்த பழத்தைத் தின்றுகொண்டிருந்தாளாம். இவரைப் பார்த்ததும் பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாளாம். நாங்கள் எல்லோரும் ஆன்ட்டி அறைக்குள் வந்தால் அப்படித்தான் எழுந்து நிற்போம்.

விடுதிக்குத் திரும்பியதும் ஆன்ட்டி முதல் வேலையாகச் செயலாளருக்கு எழுதினார். இனிமேல் என் மகள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள், முடியாதென்றால் நாங்கள் ராஜினாமா செய்கிறோம் என்று நாலு பக்கம். பதில் இரண்டு வரி. தாராளமாக. முன்பே கேட்டிருந்தால் அப்போதே சரி என்றிருப்பேனே.

அந்த இரண்டு வரியை அவர் நினைத்து நினைத்து உடைந்துபோனதாக அங்கிள் சொன்னார். கேட்டிருக்கலாம். நாலு வருடத்தில் ஒருநாள் கேட்டிருக்கலாம்.

கட்டில் கீழே வந்தது. ஆனால் எட்டு நாளில் மறுபடி மாடிக்கே போனது. கீழே தூக்கம் வரவில்லை என்று அவளே கேட்டாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லியும் அவள் வாயில் வரவில்லை. ஆன்ட்டி என்பதையும் விட்டுவிட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் போய் நிற்பாள். ஆன்ட்டி நிமிர்ந்து பார்த்த பிறகுதான் பேசுவாள். பதினேழு வயதில் அங்கிருந்து போகும்வரை அவள் எதையும் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி எங்கள் கடிதங்களைப் படிப்பதில்லை. "எழுதுங்க, என்ன வேணும்னாலும் எழுதுங்க" என்பார். பழகிப்போன எங்களுக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை. நான் நலம், நீங்கள் நலமா என்றே எழுதிக்கொண்டிருந்தோம்.

காலம் போனது. அந்த நாடு விசா கொடுப்பதை இறுக்கியது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. பிள்ளைகள் நான்காகக் குறைந்தபோது விடுதியை மூடினார்கள். பாராட்டுக் கூட்டம் வைத்து ஆன்ட்டிக்கும் அங்கிளுக்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதில் 'இருபத்தேழு பிள்ளைகளின் தாய்' என்று பொறித்திருந்ததாம். அங்கிள் அதைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். ஊர் திரும்பிய மூன்றாம் ஆண்டு அவர் இறந்துபோனார். ஆன்ட்டி மிஷன் கொடுத்த இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு மகள் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவள் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கணவரும் ஒரு மகனும் இருக்கிறார்கள்.

போன வருடம் நான் அங்கே போயிருந்தேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். ஆன்ட்டியின் அறையில் வெயில் நன்றாக விழுந்தது. வெள்ளை விரிப்பு, கைப்பிடி வைத்த கட்டில், மணிவாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி. ஒரு குறை சொல்ல முடியாது. ஆன்ட்டி வற்றிப்போய் ஒரு பிடிதான் இருந்தார். கடிதத்துக் கதையை முழுதாக அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

நானும் சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாததை. தலையணை உறையைத் திருப்பித் திருப்பிப் போட்டது நான்தான், ஒரு வார்த்தை உங்களிடம் சொல்லியிருந்தால் அவள் காது போயிருக்காது என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை நீ சுமக்காத பாப்பா" என்றார். "நீ வந்து சொல்லியிருந்தாலும், பதினோரு பேருக்குக் காய்ச்சல், காது வலிக்கெல்லாம் அப்புறம் பாப்போம், வரிசையில வான்னுதான் சொல்லியிருப்பேன். வேற பிள்ளையா இருந்தா உடனே பாத்திருப்பேன். அவளுக்குன்னா வரிசைன்னுதான் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியும்."

நான் அவர் தலையணையைச் சரிசெய்து வைத்தேன்.

மாலை மகள் வந்தாள். கை கழுவிவிட்டு நேராக உள்ளே வந்து, கட்டிலின் இடது பக்கம் சுற்றிப்போய், குனிந்து, தன் நல்ல காதை அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "மதியம் சாப்டீங்களா? வலி இருக்கா?" என்று கேட்டாள். ஆன்ட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றி என்றார். போர்வையை இழுத்து விட்டதற்கு நன்றி என்றார். தண்ணீர் கொடுத்ததற்கும் நன்றி என்றார்.

நான் கிளம்பியபோது அவள் லிஃப்ட் வரை வந்தாள்.

"உன்கிட்ட நல்லாப் பேசுனாங்களா?"

"ம். நிறையப் பேசுனாங்க."

"என்கிட்ட நன்றின்னு மட்டும்தான் சொல்றாங்க. எது செஞ்சாலும். ஏதாவது கேளுங்க, திட்டுங்க, காப்பி ஆறிப்போச்சுன்னாவது சொல்லுங்கன்னு சொல்லிட்டேன். சொல்ல மாட்டேங்குறாங்க. வேற வீட்டுல இருக்குற மாதிரி இருக்காங்க." அவள் லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினாள். "கடைசி காலத்துல என்கிட்ட ஏதாவது ஒண்ணு கேட்டாங்கன்னா நல்லா இருக்கும். நான் செய்வேன். ஆனா எப்படிக் கேக்க வைக்கிறதுன்னு தெரியல."

லிஃப்ட் வந்தது. ஏழு மணி மாத்திரைக்கு நேரமாகிவிட்டது என்று அவள் வீட்டுக்குள் போனாள்.